அளந்தது நான்தான்

மார்ச் 4, புதன்

டாக்டரம்மா சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இந்த சூசைமிக்கேலுக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம்? பிரஷர் நூற்றெழுபது. "கோபம் வந்தா கத்தாதீங்க, ஒரு நோட்டுல எழுதுங்க" என்றார். "எனக்குக் கோபமே வராது டாக்டர்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலோமி சிரித்துவிட்டாள். கட்டின பொண்டாட்டி டாக்டர் முன்னாலாவது புருஷனை விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டாமா? கோபம் வந்தது. இதோ எழுதிவிட்டேன். குறைந்த மாதிரி தெரியவில்லை.

இன்றைக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. உப்பளம் வைத்திருக்கும் ஜெயக்கொடி அண்ணாச்சி, பைபாஸ் ரோட்டில் பரோட்டாக் கடை போடுகிறார். கட்டடம் கிடையாது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி இருக்கிறதே, கன்டெய்னர், அதில் பழசாக ஒன்றை வாங்கி நிறுத்தி உள்ளே கல் போட்டுவிட்டார். ரோட்டைப் பார்த்த பக்கம் முழுக்க நான் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அண்ணாச்சி, அவர் சம்சாரம் சொர்ணத்தாயக்கா, கடையைக் கவனித்துக்கொள்ளப் போகும் மச்சினன் சித்திரைவேல், மூன்று பேரும் ஆளுயரத்துக்கு மேல் நின்று கையில் ஆளுக்கொரு பரோட்டாவை வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும். திறப்பு விழா பதினெட்டாம் தேதி.

இருபது வருஷமாக ஒட்டுகிறேன். ஆட்டோ, வேன், ஐஸ் பெட்டி, விசைப்படகு, ஒரு தடவை சவப்பெட்டிகூட. கன்டெய்னர் இதுதான் முதல் தடவை. அதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கன்டெய்னர் தகரம் சுவர் மாதிரி சமமாக இருக்காது. மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று மடித்து மடித்துப் போட்டிருப்பான். இந்தப் பெட்டியில் பள்ளம் மூன்று விரல் ஆழம். நானும் பிச்சையா அண்ணனும் போய் அளந்தோம். பிச்சையா அண்ணன் என்னோடு ஒட்ட வருகிறவர், அறுபது வயது, வாயைத் திறந்தால் பேச்சு வராது, பஜ்ஜி உள்ளே போகும். அவர் அந்த முனையைப் பிடித்தார், நான் இந்த முனை. டேப்பை எப்போதும் விறைப்பாக இழுத்துத்தான் பிடிப்பேன். தொய்ந்தால் அளவு தப்பிவிடும். மேட்டுக்கு மேடு தொட்டுக்கொண்டு நேராக ஓடியது. சரியாக இருபது அடி. பிலோமியிடம் அளவைச் சொல்லி, டிசைன் போடச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

பிலோமி கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்கிறாள்.

"ஏங்க, பள்ளத்துக்குள்ள விட்டு அளந்தியளா, இல்ல மேலாப்புல அளந்தியளா?"

"அளக்க வேண்டிய மாதிரி அளந்தாச்சு."

"இல்ல, அது சேலைக் கொசுவம் மாதிரில்லா இருக்கும். கொசுவத்தை விரிச்சா நீளம் கூடும்லா?"

சேலை! இரும்புப் பெட்டிக்கும் சேலைக்கும் முடிச்சுப் போடுகிறாள். "டிசைன் போடுதவ டிசைனைப் பாரு. அளக்குதவன் நான். இருபது வருஷமா டேப் பிடிக்கேன்" என்று சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்தார் என்றால் அது அவருடைய புத்தி.

மத்தியானம் சொர்ணத்தாயக்கா கடைக்கு வந்து பிலோமியின் காதில் கெஞ்சினார். "ஏட்டி, போட்டோவுல பீப்பாய் மாதிரி இருக்கேன். கம்ப்யூட்டருல கொஞ்சம் ஒடுக்கிவிடேன்." பிலோமி ஒடுக்கலாம் என்று கை வைத்த நேரத்தில் அண்ணாச்சியின் போன். "ஒரு இன்ச் குறைக்கப்பிடாது. உள்ளது உள்ளபடி இருக்கணும். சாப்பாட்டுக் கடைக்காரன் எலும்பும் தோலுமா நின்னா எவன்வே உள்ள வருவான்?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மார்ச் 7, சனி

மதுரையிலிருந்து பிரிண்ட் வந்துவிட்டது. உருட்டி வைத்தால் ஐந்து உருட்டு. அண்ணாச்சியின் தொப்பைக்கு மட்டும் ஒரு முழு உருட்டு.

மார்ச் 9, திங்கள்

காலை ஆறரைக்கே ஆரம்பித்தோம். வெயில் ஏறினால் தகரத்தில் கை வைக்க முடியாது. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, தின்னர் தொட்டுத் துடைத்து, இடது ஓரத்திலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தோம். மேட்டில் ஒட்டி, பள்ளத்துக்குள் விரலால் அமுக்கி, சூடு காட்டி, மறுபடி மேட்டுக்கு ஏறி, மறுபடி பள்ளம். முட்டி கழன்றுவிட்டது. அண்ணாச்சி முடிந்தார். அக்கா முடிந்தார். நிமிர்ந்து பார்த்தால் வலது பக்கம் நிறையத் தகரம் பாக்கி இருக்கிறது, கையில் கொஞ்சம்தான் படம் பாக்கி இருக்கிறது.

பிச்சையா அண்ணன் தகரத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மிக்கேலு, பத்தாது போலயே."

"பத்தும்."

"நாலடி குறையுமே."

"பத்தும்னு சொல்லுதேன்லா அண்ணே!"

எங்கோ ஒரு சின்னத் தவறு நடந்திருக்கிறது. பிரிண்ட் போடும் இடத்தில் நடந்திருக்கலாம். மதுரைக்காரர்கள் அவசரக்காரர்கள்.

பாக்கி இருந்தது சித்திரைவேல் மட்டும். அவனைப் பள்ளத்துக்குள் இறக்காமல் மேட்டுக்கு மேடு பாலம் போட்ட மாதிரி ஒட்டினேன். அப்படியும் எட்டவில்லை. சூட்டுக் காற்று ஊதும் ஹீட் கன்னைக் காட்டிக் காட்டி, நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். சவ்வு மிட்டாய் மாதிரி வந்தது. இழுத்து இழுத்து ஓரத்துக்குக் கொண்டு சேர்த்துவிட்டேன். நேரில் சித்திரைவேல் ஒரு முருங்கைக்காய். ஆனால் படத்தில் இப்போது மூன்று பேரில் அவன்தான் பெரிய ஆள். அவன் கையில் இருப்பது பரோட்டா மாதிரி இல்லை, கோரைப்பாய் மாதிரி இருக்கிறது.

யாருக்குத் தெரியப் போகிறது?

மார்ச் 10, செவ்வாய்

எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பத்து மணி வெயிலுக்குப் பள்ளத்தில் இருந்த காற்று சூடாகி, சித்திரைவேலின் வயிறு அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. பதினோரு மணிக்குக் கடல் காற்று எழும்பியது. ஒரு ஓரம் பிய்ந்து, உப்பின வயிறு டப டப டப என்று அடிக்க ஆரம்பித்தது. லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கிறார்கள். ஒருவன் போன் எடுத்து வீடியோ பிடிக்கிறான். சித்திரைவேல் படத்திலிருந்த தன் வயிற்றைத் தானே இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு சுவரோடு சுவராக நிற்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சியும் வந்து சேர்ந்தார்.

"என்னவே மிக்கேலு இது?"

"ஒரு சின்ன அளவுப் பிசகு அண்ணாச்சி. சரி பண்ணிரலாம்."

"யாருவே அளந்தது?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வாய்க்குள் இருந்து தானாக வந்துவிட்டது.

"அளவு தந்தது எங்க வீட்டுக்காரிதான் அண்ணாச்சி. பொம்பள, அவளுக்கு இந்த மேடு பள்ளம் எல்லாம் என்ன தெரியும்?"

சொல்லிவிட்டுத் திரும்பினால் பிலோமி நிற்கிறாள். எனக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறாள். ஸ்கூட்டி சத்தம்கூடக் கேட்கவில்லை, எல்லாம் அந்த வயிறு அடித்த அடியில். தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தாள். ஸ்கூட்டியைத் திருப்பினாள். போய்விட்டாள்.

மீன் குழம்பு. சாப்பிட்டேன், என்ன செய்ய? ருசி தெரியவில்லை.

மார்ச் 10, சாயங்காலம்

வீட்டில் ஆள் இல்லை.

மார்ச் 11, புதன்

பிலோமி தன் அக்கா ரோஸ்லின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். எங்கே இருக்கிறது அந்த வீடு? எங்கள் தெருவிலேயே, மூன்று வீடு தள்ளி. கோபித்துக்கொண்டு போகிறவள் கொஞ்சம் தூரமாகவாவது போகக் கூடாதா? என் வீட்டு வாசலில் நின்றால் அவள் துணி காயப்போடுவது தெரிகிறது. என் கைலியை மட்டும் காயப்போடவில்லை.

கடைக்குப் போனால் கம்ப்யூட்டரில் மவுஸைக் காணோம். பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறாள். புதிதாக ஒன்று வாங்கிச் சொருகினேன். பாஸ்வேர்டு கேட்டது. என் பேரைப் போட்டேன். தப்பு என்றது. அவள் பேரைப் போட்டேன். தப்பு. எங்கள் வீட்டு நாய் பேரைப் போட்டேன். அதுவும் தப்பு.

ரோஸ்லின் அக்கா வந்து வாசலில் நின்றபடியே சேதி சொன்னார். "தம்பி, அவ சொல்லிட்டா. அண்ணாச்சி முன்னால போயி, அளந்தது நான்தான்னு நீங்க வாயைத் தொறந்து சொல்லணும். சொன்னா வருவா. இல்லன்னா பாளை ரோட்டுல புதுசா வந்திருக்க பிரிண்டிங் கடையில அவளக் கூப்பிட்டிருக்காவ. பத்தொம்பதாந் தேதி வேலைக்குச் சேரப் போறா."

"போகட்டுமே. யாருக்கு நஷ்டம்?" என்றேன்.

அக்கா என் காலைப் பார்த்தார். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

மார்ச் 12, வியாழன்

சித்திரைவேலை உரித்தோம். வெயிலில் இரண்டு நாள் கிடந்ததில் இழுத்ததெல்லாம் தானாகச் சுருங்கிப் பழைய அளவுக்கே வந்திருந்தது. இந்தத் தடவை ஒழுங்காகப் பள்ளத்துக்குள் இறக்கி ஒட்டினோம்.

பிச்சையா அண்ணன் நாலாவது பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "டேப்போட அந்த முனையை நான்தானே பிடிச்சேன்."

"அதுக்கு என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஞாபகம் வந்துச்சு." ஐந்தாவது எடுத்தார். "இன்னொரு டீ சொல்லேன்."

சொன்னேன். அறுபது வயதில் மனிதருக்கு ஞாபகம் இவ்வளவு நன்றாக இருக்கக் கூடாது.

சரி, எழுதிவிடுகிறேன். டாக்டரம்மா ஒருவர்தான் படிப்பார், அவரும் படிக்க மாட்டார். அளந்தது நான். பள்ளத்தை விட்டுவிட்டு மேட்டுக்கு மேடு அளந்தது நான். அவள் கேட்டாள், கொசுவம் என்றுகூடச் சொன்னாள். கத்தினது நான். அப்புறம் ஊருக்கு முன்னால் அவள் தலையில் போட்டதும் நான்தான். எழுதினால் குறையும் என்றாரே டாக்டரம்மா, கூடத்தான் செய்கிறது.

நாளைக்கு அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவேன். என்ன செய்துவிடுவார்? ஏசுவார். பரோட்டாக் கல்லில் என்னைத் தூக்கிப் போட மாட்டார்.

மார்ச் 13, வெள்ளி

வேலை முடிந்தது. படம் பதினாறு அடியில் நின்றுவிட்டது. வலது ஓரத்தில் நாலடி வெறும் தகரம், நீலக் கலரில் பல்லை இளிக்கிறது.

அண்ணாச்சியும் சொர்ணத்தாயக்காவும் காரில் வந்து இறங்கினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். ஆண்டவர் மேல் சத்தியமாக ஆரம்பித்தேன். அதற்குள் அக்கா கூச்சல் போட்டார்.

"ஏங்க! இங்க வாங்க! என்னையப் பாருங்க!"

பார்த்தோம். நானும் அப்போதுதான் தூரத்தில் நின்று ஒழுங்காகப் பார்த்தேன். படத்தில் ஐந்தில் ஒரு பங்கு பள்ளங்களின் பக்கச் சுவரில் போய் ஒளிந்துகொண்டதால், எதிரே நின்று பார்க்கிறவனுக்கு எல்லாரும் ஒடுங்கித் தெரிகிறார்கள். உயரம் அப்படியே இருக்கிறது, அகலம் குறைந்துவிட்டது. அக்காவுக்கு இடுப்பு வந்திருக்கிறது. கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, பார்க்க லட்சணமாக இருக்கிறார்.

"பதினஞ்சு கிலோ குறைஞ்சிட்டேன்!" என்று அக்கா அழுதேவிட்டார்.

அண்ணாச்சி தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தொப்பையைக் காணோம். சட்டையை உள்ளே இழுத்துவிட்டுக்கொண்டார். "கல்யாணத்தப்ப இப்படித்தான்வே இருந்தேன்" என்றார்.

சித்திரைவேல் மட்டும் தகராறு பண்ணினான். அவன் ஏற்கெனவே முருங்கைக்காய், இப்போது முருங்கைக்குச்சி ஆகிவிட்டான். அதோடு அவன் மூக்கு ஒரு பள்ளத்தின் பக்கச் சுவரில் உட்கார்ந்துவிட்டது. தூத்துக்குடி பக்கமிருந்து வருகிறவனுக்கு மூக்கு தெரியும். திருநெல்வேலி பக்கமிருந்து வருகிறவனுக்கு மூக்கு கிடையாது.

"அத்தான், எனக்குப் பொண்ணு தாரவங்க திருநெல்வேலில இருந்துதானே வாராங்க!"

"கடையைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வரச் சொல்லுல" என்றார் அண்ணாச்சி.

பிறகு அந்த நாலடியைப் பார்த்தார். "கை கழுவுத தொட்டி எங்க வைக்கன்னு நாலு நாளா முழிச்சுக்கிட்டு இருந்தேன். கரெக்டா எடம் விட்டிருக்காளே! யாரு, ஒம்ம சம்சாரம்தானே அளவு போட்டது? நீருதானே அன்னைக்குச் சொன்னீரு? பொம்பளைக்கு என்ன தெரியும்னு வேற சொன்னீரு. அவ மூளையில பாதி ஒமக்கு உண்டாவே?"

நான் கட்டியிருந்த கையை அவிழ்த்தேன்.

"என்னமோ சொல்ல வந்தீரே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

மார்ச் 14, சனி

காலையிலிருந்து போன். எல்லாம் சொர்ணத்தாயக்காவின் சொந்தக்காரர்கள். "ஆளை மெலிய வைக்கிற ஸ்டிக்கர் ஒட்டுத அக்கா இருக்காங்களா?" ஒரு அம்மாவின் வீட்டில் கன்டெய்னர் இல்லையாம், பீரோவில் ஒட்ட முடியுமா என்று கேட்கிறார். பீரோ சமமாக இருக்கும் என்றேன். "அப்ப மடிச்சுக் குடுங்க" என்கிறார்.

ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. ஒட்டின என் பத்து விரலிலும் கொப்புளம் கிடக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

பூசையில் சாமியார் பிரசங்கம் பொய்யைப் பற்றி. இவரிடம் யார் போய்ச் சொன்னது என்று தெரியவில்லை. பிலோமி பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திரும்பவே இல்லை.

பூசை முடிந்ததும் கோயிலில் மாதா சொரூபம் வைத்த கெபி பக்கத்தில் பிடித்து நிறுத்தினேன்.

"பிலோமி, நான் அண்ணாச்சிகிட்ட சொல்லிருதேன். அளந்தது நான்தான்னு சொல்லிருதேன். நீ பாளை ரோட்டுக்குப் போகாத."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். "எப்பச் சொல்லப் போறிய? இப்பவா? ஊரே கொண்டாடுதப்ப வந்து, அளந்தது நான்னு சொல்லப் போறியளோ? அதுக்குப் பேரு மன்னிப்பா? அன்னைக்கு அந்த வயிறு டப டபன்னு அடிச்சப்ப சொல்லிருந்தா மன்னிப்பு. இப்பச் சொன்னா பெருமை. பேரையும் தட்டிட்டுப் போகத்தான் வாரிய."

"பெருமைக்கு இல்லட்டி!"

"கத்தாதிய, கோயிலு." போய்விட்டாள்.

அவள் சொல்வது சரி. அதுதான் தாங்கவில்லை. தப்பு தப்பாக இருந்தபோது சொல்ல தைரியம் இல்லை. இப்போது தப்பு வெற்றி ஆகிவிட்டது, சொன்னால் லாபம் எனக்கு. சொல்லாவிட்டால் பதினெட்டு வருஷம் என் எதிரே உட்கார்ந்து "ஏங்க, இந்த எழுத்து போதுமா" என்று கேட்டவள் எவனோ ஒருவன் கடையில் போய் உட்கார்ந்துவிடுவாள். அவள் இல்லாத கடையில் எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை.

மார்ச் 16, திங்கள்

சமைத்தேன். நாய் சாப்பிடவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அண்ணாச்சி கூப்பிட்டார். நாளைக்கு மைக் செட் எல்லாம் உண்டாம். பிலோமிக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறாராம். "நீரும் வாரும்வே, போட்டோவுக்கு ஓரமா நில்லும்."

மார்ச் 18, புதன்

மத்தியானம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

இருநூறு பேராவது இருப்பார்கள். வாழை மரம், மைக், கலர் பேப்பர். சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் படத்துக்கு எதிரே எந்த இடத்தில் நின்றால் அக்கா இன்னும் ஒல்லியாகத் தெரிகிறார் என்று நகர்ந்து நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து பெண் வீட்டார் வந்த வேனைச் சித்திரைவேலே ஓடிப்போய் மறித்து, கடையைத் தாண்டவிட்டு, திருப்பிக் கூட்டிவந்தான். மூக்கைப் பார்த்தார்கள். சிரித்தார்கள். அவனுக்கு உயிர் வந்தது.

அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "இந்தப் படத்துக்கு அளவு போட்டது நம்ம பிலோமினா தங்கச்சி. மூளைக்காரி. அவளுக்கு இந்தப் பொன்னாடையைப் போத்துதோம்." சொர்ணத்தாயக்கா போர்த்தினார். ஒரே கைதட்டல். பிலோமி கும்பிட்டாள். என் பக்கம் பார்க்கவில்லை. நாளைக்குப் பத்தொன்பது என்பது மட்டும்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எப்படி முன்னால் போனேன் என்று தெரியாது. மைக் என் கையில் இருந்தது.

"எல்லாரும் கேளுங்க. அளந்தது இவ இல்ல. அளந்தது நான்தான்."

கூட்டம் கூச்சல் போட ஆரம்பித்தது. "பொண்டாட்டிக்குப் போட்ட பொன்னாடையைப் பிடுங்கப் பாக்கான்யா!" "வெக்கங்கெட்ட மனுசன்!" ஒரு கிழவர் எழுந்து நின்று த்தூ என்றார். மைக்கில் நான் பேசுவதே எனக்குக் கேட்கவில்லை.

"பெருமைக்குச் சொல்லல! தப்பா அளந்தேன்! பள்ளத்தை விட்டுட்டு அளந்தேன்! இவ அன்னைக்கே கேட்டா, நான் வாயை அடைச்சேன். அப்புறம் பழியத் தூக்கி இவ மேல போட்டேன். இது மூளையில வந்தது இல்ல, தப்புல வந்தது!"

அண்ணாச்சியின் முகம் மாறியது. "தப்பா? எதுவே தப்பு? என் மூஞ்சியில தப்பு இருக்குங்கீரா?"

"ஐயோ, அது இல்ல அண்ணாச்சி..."

"என் இடுப்பு தப்புன்னா சொல்லுத?" என்றார் சொர்ணத்தாயக்கா. அவர் கையில் இன்னொரு பொன்னாடை இருந்தது, அதை முறுக்க ஆரம்பித்தார்.

சாட்சிக்கு ஆள் இருக்கிறாரே என்று ஞாபகம் வந்து, "பிச்சையா அண்ணே! டேப்போட அந்த முனையை நீருதானே பிடிச்சீரு? சொல்லும்!" என்று கத்தினேன். அவர் இலையில் நாலாவது பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊற வைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். பரோட்டாவைப் பார்த்தார். "வயசாயிட்டுதுப்பா. ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. என் வாழ்நாளில் இப்படி ஒரு அவமானம் கிடையாது. சொன்னது அத்தனையும் உண்மை, நம்பினது ஒரு ஆள் கிடையாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பிலோமி என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அப்பாடா, இவளாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் என் கண்ணில் இருந்த தண்ணீரைப் பார்த்தாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரரு சொல்லுதத யாரும் பெருசா எடுத்துக்கிடாதிய. அவருக்குப் பிரஷர் உண்டு. அளவு தந்தது நான்தான். அவரே பத்தாந் தேதி எல்லாரு முன்னாலயும் சொன்னாருலா. என்ன அண்ணாச்சி?"

"ஆமா! என் காதால கேட்டேன்!" என்றார் அண்ணாச்சி.

"அப்ப அப்படியே இருக்கட்டும்" என்றாள் பிலோமி. முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

போட்டோவுக்கு ஓரமாக நின்றேன். பிலோமி பக்கத்தில் வந்து நின்றாள். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"வலிக்கா?"

"ரொம்ப வலிக்கி."

"எனக்கும் அப்படித்தான் வலிச்சுது."

"தெரியும்ட்டி."

போட்டோ எடுத்து முடித்தார்கள். அவள் பொன்னாடையை மடித்து என் கையில் கொடுத்தாள், பிடித்துக்கொள்ளச் சொல்லி. "நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் கடையைத் தொறந்து வைங்க. நான் வாரதுக்குள்ள கூட்டி வைங்க, குப்பையா கெடக்குன்னு ஜெராக்ஸ் கடைக்காரரு சொன்னாரு" என்றாள். சொல்லிவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போனாள்.

நான் அந்தப் பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். போகிற வருகிற பெண்கள் எல்லாரும், இந்த ஆள் கடைசியில் பிடுங்கியேவிட்டானே என்று என்னை முறைத்துவிட்டுப் போனார்கள்.